மலையின் கடைசி வளைவு



இது கொஞ்சம் நீளமான பதிவு. தேநீரோடு உட்கார்ந்து படியுங்கள். பாதி படித்துவிட்டு "அருமை சார்" என்று பின்னூட்டம் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். பள்ளியில் கட்டுரை நோட்டில் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் மட்டும் எழுதிக் கொடுத்தவர்களும் அவர்களேதான்.

மூன்று வாரங்களுக்கு முன் என் அக்கா மகள் தொலைபேசியில் அழைத்தாள். குரலே சரியில்லை. "மாமா, பையன் கனடாவுல மலை உச்சியில இருந்து சைக்கிள்ல இறங்கறானாம். வீடியோ அனுப்பியிருக்கான். பாத்ததுல இருந்து எனக்குச் சோறு இறங்கல. நீங்க சொன்னா கேப்பான். வேண்டாம்னு சொல்லுங்க மாமா."

சரியென்று அவனை அழைத்தேன். அவன் என்னை முந்திக்கொண்டான். "தாத்தா, அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. பழைய டவுன்ஹில் சைக்கிள் ஒண்ணு வாங்கியிருக்கேன். பிரேக் சரியில்ல. புதுசா டிஸ்க் பிரேக் போடணும். கடையில நாலு விதம் காட்டறாங்க. ஒண்ணு விலை இன்னொண்ணுக்கு ரெண்டு மடங்கு. எதை வாங்கறது?"

"ஏன் கண்ணு, சரித்திர வாத்தியார்கிட்ட வந்து பிரேக்கைக் கேக்கற?"

"எந்தப் பொருளும் எங்கிருந்து வந்துச்சுன்னு பாத்தா, எதுக்கு இருக்குன்னு புரியும்னு நீங்கதானே சொல்வீங்க?"

என் வாயாலேயே மாட்டிக்கொண்டேன். மூன்று வாரம் படித்தேன். சேலத்தில் டூவீலர் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் பழைய மாணவனிடம் போய் உட்கார்ந்து, காலிப்பரைப் பிரித்துக் காட்டச் சொன்னேன். என்னோடு ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியரிடம் கணக்குப் போட்டு வாங்கினேன். அவனுக்கு எழுதிய பதிலைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு பழைய கதை.

1973. கல்லூரி நண்பன் ஒருவனும் நானும் சேலத்தில் வாடகை சைக்கிள் எடுத்து, லாரியில் சைக்கிளோடு ஏற்காட்டுக்குப் போனோம். ஏறுவது லாரி, இறங்குவது நாங்கள் என்று திட்டம். 20 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டும் கம்பி பிரேக் சைக்கிள். லிவரை அழுத்தினால் இரும்புக் கம்பிகள் இழுத்து, ரப்பர் கட்டை ரிம்மைப் பிடிக்கும். பாதி மலை வரை அருமையாகப் பிடித்தது. பிறகு தூறல் தொடங்கியது. ஈரமான இரும்பு ரிம்மில் ரப்பர் வழுக்கியது. நாங்கள் இன்னும் இறுக்கிப் பிடித்தோம். அடிவாரத்துக்கு இரண்டு மூன்று வளைவுகள் இருக்கும்போது முன்னால் போன அவன் சைக்கிளிலிருந்து இரும்பும் இரும்பும் உரசும் சத்தம் கேட்டது. கட்டை முழுவதும் தேய்ந்துவிட்டது. செருப்பைத் தரையில் தேய்த்துப் பார்த்தான். நிற்கவில்லை. ஓரக் கல்லில் மோதி விழுந்தான். இடது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. அந்தக் கை பிறகு முழுதாக நிமிரவே இல்லை. போன வருடம் அவன் காலமாகும் வரை, தேநீர் டம்ளரை வலக்கையால் மட்டுமே எடுப்பான்.

மலையில் முதல் வளைவில் எல்லா பிரேக்கும் பிடிக்கும். கடைசி வளைவில் பிடிக்குமா என்பதுதான் கேள்வி. இதை மனதில் வைத்துக்கொண்டு, அதே காலத்துக் கலிபோர்னியாவுக்கு வாருங்கள்.

1. கிரீஸ் புகைந்த மலை

சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுண்டி. அங்கே டமல்பாய்ஸ் என்றொரு மலை. 1970களில் அந்த வட்டாரத்து இளைஞர்கள் சிலர், 1930களிலும் 40களிலும் செய்த பழைய ஷ்வின் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து வாங்கினார்கள். பழைய சாமான் விலையில் கிடைத்த, தடித்த டயர் கொண்ட கனமான வண்டிகள். அவற்றில் மண் பாதைகளில் இறங்குவதுதான் அவர்களுடைய விளையாட்டு. ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி என்று இன்று மலைச் சைக்கிளின் முன்னோடிகளாகச் சொல்லப்படுபவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள்.

யார் வேகம் என்ற வாய்ச்சண்டை முற்றி, 1976 அக்டோபர் 21 அன்று ஃபேர்ஃபாக்ஸ் ஊர் அருகே ஒரு பந்தயம் வைத்தார்கள். தீயணைப்பு வண்டிகளுக்காகப் போட்ட மண் சாலை. சுமார் 2 மைல் தூரத்தில் 1,300 அடி இறக்கம். ஒருவர் பின் ஒருவராக இடைவெளி விட்டுக் கிளம்ப வேண்டும், கடிகாரம் தீர்ப்புச் சொல்லும். முதல் பந்தயத்தில் வென்றவர் ஆலன் பாண்ட்ஸ். பின்னாளில் கேரி ஃபிஷர் எடுத்த 4 நிமிடம் 22 வினாடிதான் அந்தப் பாதையின் மிகக் குறைந்த நேரமாக நிலைத்தது.

அந்தச் சாலைக்கு அவர்கள் வைத்த பெயர் 'ரீபேக்'. மறுபடி நிரப்புதல் என்று பொருள். இந்தப் பெயருக்குள்ளேயே நம் கதை முழுவதும் இருக்கிறது.

அந்தப் பழைய சைக்கிள்களில் பின் சக்கரத்தில் மட்டும்தான் பிரேக். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் ஹப்புக்குள்ளேயே பிடிக்கும் வகை. ஊர்த் தெருவில் செய்தித்தாள் போடும் பையனுக்கு அது போதும். மலையில் என்ன ஆயிற்று? உரசிப் பிறந்த சூடெல்லாம் அந்தச் சின்ன ஹப்புக்குள்ளேயே அடைபட்டது. வெளியே போக வழியில்லை. உள்ளே இருந்த கிரீஸ் உருகி, ஆவியாகி, புகையாக வெளியேறியது. அடிவாரம் சேரும்போது ஹப் காய்ந்து கிடக்கும். ஒரு தடவை இறங்கினால் ஹப்பைப் பிரித்து, புதுக் கிரீஸை மறுபடி நிரப்ப வேண்டும். அதனால்தான் சாலைக்கே அந்தப் பெயர்.

ஆக, மலைச் சைக்கிள் என்ற வாகனம் பிறந்த இடத்துக்கே பெயர் கொடுத்தது பிரேக்கின் தோல்விதான். அந்தத் தோல்விக்குக் காரணம் பிடிமானம் குறைவு என்று எண்ண வேண்டாம். சூட்டுக்குப் போக்கிடம் இல்லை, அதுதான் காரணம்.

2. ஹப்பிலிருந்து ரிம்முக்கு

அடுத்த படி எளிதாகப் புரியும். சூடு ஹப்புக்குள் அடைபடுகிறதென்றால், பிரேக்கை வெளியே கொண்டுபோ. 1977-ல் ஜோ பிரீஸ், மலைக்காகவே புதிதாக ஒரு சைக்கிளைக் கட்டினார். அதில் ரிம்மின் இரு பக்கமும் பிடிக்கும் கான்டிலீவர் பிரேக்கைப் போட்டார். 1981-ல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் வெளியிட்ட ஸ்டம்ப்ஜம்பர், மலைச் சைக்கிளைப் பெருமளவில் கடைக்குக் கொண்டுவந்தது. அதிலும் ரிம் பிரேக்தான்.

ரிம் பெரியது. காற்று நன்றாகப் படும். சூடு சீக்கிரம் ஆறும். பதினைந்து வருடம் இதுவே போதும் என்று இருந்தார்கள். ஆனால் ரிம் பிரேக்குக்கு மூன்று பகைவர்கள். முதல் பகை மழை. அதை ஏற்காட்டில் நானே பார்த்தேன். அலுமினிய ரிம் இரும்பு ரிம்மைவிட மேல்தான். ஆனாலும் ஈரம் ஈரம்தான். இரண்டாவது பகை சேறு. மணல் கலந்த சேறு ரிம்முக்கும் கட்டைக்கும் நடுவே புகுந்து, உப்புத்தாள் போல ரிம்மின் சுவரையே அராவித் தின்னும். மூன்றாவது பகை கல். கல்லில் மோதி ரிம் ஒரு பக்கம் நெளிந்தால், சக்கரம் கோணலாகச் சுற்றும். பிரேக் விட்டு விட்டுப் பிடிக்கும்.

இதற்கிடையே வேகமும் கூடியது. கலிபோர்னியாவின் மாமத் மலையில் 1985-ல் 'காமிகாஸி' என்ற இறக்கப் பந்தயம் தொடங்கியது. பெயரைப் பார்த்தாலே வேகம் தெரியும். 1990-ல் கொலராடோ மாநிலத்து டுராங்கோவில், சர்வதேச சைக்கிள் சங்கம் முதல் உலக மலைச் சைக்கிள் போட்டியை நடத்தியது. இறக்கப் பந்தயத்தில் ஆண்களில் அமெரிக்காவின் கிரெக் ஹெர்போல்டும் பெண்களில் கனடாவின் சிண்டி டிவைனும் வென்றார்கள். அப்போதுதான் முன் ஃபோர்க்கில் சஸ்பென்ஷனும் வரத் தொடங்கியிருந்தது. குலுக்கல் குறைந்தால் மனிதன் என்ன செய்வான்? இன்னும் வேகமாகப் போவான். அந்த வேகத்தை அடக்கும் வேலை பழைய பிரேக்கின் தலையில் விழுந்தது.

3. காரிலிருந்து வந்த தட்டு

டிஸ்க் பிரேக் சைக்கிளுக்குப் புதிது. உலகத்துக்குப் புதிதில்லை. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் கார் செய்துவந்த ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902-லேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். சக்கரத்தோடு சேர்ந்து ஒரு தட்டு சுற்றும். அதை இரண்டு பக்கமும் இடுக்கி போலப் பிடிக்க வேண்டும். எண்ணம் சரி. பொருள்தான் கிடைக்கவில்லை. பிடிக்கும் இடத்தில் அவர் வைத்தது செம்பு. உலோகமும் உலோகமும் உரசி, தெருவே காதைப் பொத்தும் கிறீச்சொலி. யோசனை அரை நூற்றாண்டு தூங்கியது.

அதை எழுப்பியது விமானமும் பந்தயக் காரும். 1953-ல் பிரான்சின் லெ மான் நகரில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தை, டன்லப் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் சி-டைப் கார் வென்றது. ஓட்டியவர்கள் டோனி ரோல்ட், டங்கன் ஹாமில்டன். அந்தப் பந்தயத்தில் மணிக்கு 100 மைல் சராசரியைத் தாண்டி வென்ற முதல் கார் அதுதான். மற்ற கார்களின் டிரம் பிரேக் ஒவ்வொரு சுற்றிலும் சூடேறிச் சோர்ந்துகொண்டே போனது. ஜாகுவாரின் தட்டு காற்றில் ஆறி, அடுத்த சுற்றுக்குத் தயாராக இருந்தது. நேர்சாலையின் முடிவில் மற்றவர்கள் பிரேக்கை மிதித்த பிறகும் ஜாகுவார்காரர்கள் கொஞ்ச தூரம் வேகத்தைக் குறைக்காமல் போக முடிந்தது.

இதை இரண்டு முறை படியுங்கள். பிரேக் நன்றாக இருந்ததால் அந்தக் கார் வேகமாகப் போனது. கடைசியில் இந்த இடத்துக்குத் திரும்பி வருவேன்.

1955-ல் சிட்ரோயன் டிஎஸ் காரின் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் வந்தது. 1969-ல் ஹோண்டா சிபி750 மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத்துக்கும் வந்தது. சைக்கிளுக்கு வர இன்னும் இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று.

4. ஏன் இவ்வளவு தாமதம்?

இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பொருள் நல்லது என்பதால் மட்டும் அது வந்துவிடுவதில்லை. அது உட்கார இடம் வேண்டும். சைக்கிளின் ஹப்பில் தட்டை மாட்ட இடம் கிடையாது. ஃபோர்க்கில் காலிப்பரைப் பொருத்தக் காது கிடையாது. எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டும், எடையும் கூடும். 1970களிலேயே சில சைக்கிள்களில் டிஸ்க் வந்தது, நிலைக்கவில்லை. 1991 வாக்கில் மவுன்டன் சைக்கிள் என்ற அமெரிக்க நிறுவனத்தின் சான் ஆன்ட்ரியாஸ், டிஸ்க் பிரேக்கோடு வந்தது. இங்கிலாந்தின் லங்காஷையரில், பார்னால்ட்ஸ்விக் என்ற சிற்றூரில், ரோல்ஸ் ராய்ஸ் விமான எஞ்சின் தொழிலில் இருந்த இரண்டு பொறியாளர்கள் தங்கள் சொந்த மலைச் சைக்கிளுக்காக டிஸ்க் பிரேக் செய்து பார்த்தார்கள். ஹோப் என்ற நிறுவனம் அப்படி வளர்ந்ததுதான். விமானத் தொழிலில் இருந்தவர்களுக்குச் சூட்டின் குணம் தெரியாமல் இருக்குமா?

அப்போதும் எதிர்ப்பு இருந்தது. 1996-ல் சிமானோ நிறுவனம் வி-பிரேக் என்ற ரிம் பிரேக்கை வெளியிட்டது. ஒரு விரலால் பிடித்தாலே சக்கரம் நின்றது. "இதற்கு மேல் என்ன வேண்டும்? டிஸ்க் எதற்கு?" என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். சமதளத்தில் அதற்குப் பதில் கிடையாது. பதில் மலையில் இருந்தது, அதுவும் ஈரமான மலையின் அடிவாரத்தில். அமெரிக்காவில் ஹேய்ஸ், ஜெர்மனியில் மகுரா, இங்கிலாந்தில் ஹோப் என்று 1990களின் பிற்பாதியில் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் டிஸ்க் பிரேக்குகள் வந்தன. தட்டை ஆறு போல்ட்டால் மாட்டும் பொது அளவும் வந்தது. ஒரு நிறுவனத்தின் தட்டு இன்னொரு நிறுவனத்தின் ஹப்பில் உட்கார்ந்தது. அதன் பிறகு இறக்கப் பந்தயத்தில் ரிம் பிரேக் மறைந்தே போனது.

பிரேக் மாறியதும் மற்றதும் மாற வேண்டியிருந்தது. டிஸ்க் பிடிக்கும்போது முன் அச்சை ஃபோர்க்கின் பிளவிலிருந்து கீழே தள்ளும் ஒரு விசை பிறக்கிறது. ரிம் பிரேக்கில் இந்தத் தொல்லை இல்லை. அதனால் டவுன்ஹில் சைக்கிளில், ஃபோர்க்கின் இரண்டு காலையும் ஊடுருவி நிற்கும் 20 மி.மீ. தடித்த அச்சு வழக்கத்துக்கு வந்தது. ஓர் ஊரில் ஒரு சட்டத்தை மாற்றினால் பக்கத்திலுள்ள நான்கு வழக்கமும் மாறும் என்று வகுப்பில் சொல்வேனே, அதே கதை.

5. ஒரு சின்னக் கணக்கு

இனி இயற்பியல் நண்பரின் பகுதி. ஸ்காட்லாந்தில் ஃபோர்ட் வில்லியம் என்ற ஊரில் புகழ்பெற்ற உலகக் கோப்பைப் பாதை இருக்கிறது. நீளம் சுமார் 2.8 கி.மீ., இறக்கம் சுமார் 550 மீட்டர். முன்னணி வீரர்கள் 5 நிமிடத்துக்குள் இறங்கிவிடுவார்கள். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 100 கிலோ என்று வைப்போம். 100 x 9.8 x 550. ஏறத்தாழ 5,40,000 ஜூல். மேலே நிலை ஆற்றலாக இருந்த இது முழுவதும் அடிவாரத்தில் நின்றபோது எங்கே போயிருக்கும்? சூடாகத்தான். நம் வீட்டில் 1.8 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்கிற அளவு சூடு. வெந்நீர் போட வாளியில் தொங்கவிடும் 1,500 வாட் ஹீட்டரைவிடப் பெரிய ஹீட்டர் ஒன்று 5 நிமிடம் எரிவதற்குச் சமம்.

இதில் ஒரு பங்கைக் காற்றும் தரையும் வாங்கிக்கொள்ளும். மீதியை உள்ளங்கையை விரித்தாற்போன்ற இரண்டு மெல்லிய எஃகுத் தட்டுகள் வாங்க வேண்டும். வேகமாகப் போகிறவனிடமிருந்து காற்று அதிகம் பிடுங்கிக்கொள்ளும். பயந்து பயந்து, பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே இறங்கும் புதியவனுக்குக் காற்றின் உதவி குறைவு. அவனுடைய பிரேக்தான் வீரனுடையதைவிட அதிகம் காயும். "நான் மெதுவாகத்தானே போகிறேன், எனக்குச் சின்ன பிரேக் போதும்" என்பது தலைகீழான கணக்கு. இது எனக்கே புதிய பாடம்.

6. எதை வாங்குவது?

வரலாற்றை இவ்வளவு சொன்ன பிறகு பதில் தானாக வருகிறது. கடைக்காரர் காட்டும் ஒவ்வொரு பிரேக்கிடமும் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும்: சூடு எங்கே போகும்?

தட்டு. பெரிய தட்டுக்கு இரண்டு நன்மை. பிடிக்கும் இடம் அச்சிலிருந்து தள்ளிப் போவதால், அதே விரல் பலத்துக்கு நிறுத்தும் விசை கூடும். 160 மி.மீ. தட்டைவிட 203 மி.மீ. தட்டில் சுமார் கால் பங்கு அதிகம். உலோகமும் அதிகம் என்பதால் சூட்டைத் தாங்கும். டவுன்ஹில்லுக்கு முன்னால் 200 அல்லது 203. எடை கூடிய ஆளுக்கு 220-ம் உண்டு. ஆனால் ஃபோர்க் செய்தவர் எந்த அளவு வரை அனுமதிக்கிறார் என்று பார்த்த பிறகுதான் பெரிதாக்க வேண்டும். 200-க்கும் 203-க்கும் காலிப்பர் உட்காரும் இடம் வேறு, கலந்து போடக் கூடாது. சில தட்டுகளில் இரண்டு எஃகு அடுக்குகளுக்கு நடுவே அலுமினியம் இருக்கும். அலுமினியம் சூட்டை வேகமாகக் கடத்தும் என்பதற்காக. சில தட்டுகள் 1.8 மி.மீ.க்குப் பதில் 2 மி.மீ.க்கு மேல் தடிமனாக வருகின்றன. அதுவும் சூட்டுக்காகத்தான்.

காலிப்பர். கம்பி இழுக்கும் வகை வேண்டாம். எண்ணெய் வகையில், பேட் தேயத் தேயப் பிஸ்டன் தானாக முன்னேறி இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும். டவுன்ஹில்லுக்கு நான்கு பிஸ்டன். பெரிய பேட், பரந்த பிடி. சிமானோ செயின்ட், ஸ்ராம் கோட், மகுரா எம்டி7, ஹோப் வி4, ஹேய்ஸ் டாமினியன் ஏ4 எல்லாமே நான்கு பிஸ்டன்தான்.

பேட். பிசின் வகை அமைதியாகப் பிடிக்கும், முதல் கடி நன்றாக இருக்கும், ஆனால் ஈரத்திலும் சூட்டிலும் சீக்கிரம் தேயும். உலோகத் தூளை இறுக்கிச் செய்த வகை கொஞ்சம் சத்தம் போடும், நீண்ட இறக்கத்துக்கும் மழைக்கும் அதுதான் தாங்கும். சில மலிவுத் தட்டுகளில் பிசின் பேட் மட்டும் என்று அச்சிட்டிருக்கும். அதில் உலோகப் பேட் போடக் கூடாது.

எண்ணெய். இரண்டு சாதி. மோட்டார் வண்டிகளில் ஊற்றும் டாட் வகை ஒன்று, கனிம எண்ணெய் மற்றொன்று. டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. ஆனால் அது காற்றின் ஈரத்தைக் குடிக்கும். ஈரம் ஏறிய நிலையில் அந்த வரம்பு 155 டிகிரிதான். எண்ணெய் கொதித்தால் குமிழி. குமிழி அமுங்கும், எண்ணெய் அமுங்காது. லிவர் கைப்பிடி வரை வந்துவிடும், சக்கரம் நிற்காது. அதனால் டாட் வகையை வருடம் ஒரு முறையாவது மாற்ற வேண்டும். கனிம எண்ணெய் ஈரத்தைக் குடிக்காது. ஆனால் எப்படியாவது உள்ளே தண்ணீர் புகுந்தால், அது எண்ணெயோடு கலக்காமல் மிகவும் சூடான இடமான காலிப்பரில் போய்த் தங்கி, 100 டிகிரியிலேயே கொதிக்கும். எதுவானாலும், ஒன்றுக்கு உரியதை மற்றொன்றில் ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டுவிடும். மூடியில் என்ன எழுதியிருக்கிறதோ அதை மட்டும் ஊற்ற வேண்டும்.

விலை. உச்ச விலைக்கும் நடுவிலைக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் எடையிலும் லிவரின் நுணுக்கத்திலும் போகிறது. "நடுவிலையில் நான்கு பிஸ்டன் வாங்கு. மிச்சக் காசில் நல்ல தட்டும் இரண்டு செட் உலோகப் பேட்டும் வாங்கு. உன் ஊர்க் கடையில் எந்த நிறுவனத்தின் உதிரி பாகம் எப்போதும் கிடைக்கிறதோ அதையே எடு" என்று எழுதினேன்.

இன்னும் ஒன்று. நம் ஊரில் வலக்கை லிவர்தான் முன் பிரேக். கனடாவிலும் அமெரிக்காவிலும் வழக்கமாக இடக்கை லிவர் முன் பிரேக். பதற்றத்தில் கை பழைய பழக்கத்துக்குத்தான் போகும். செங்குத்தான இறக்கத்தில் பின் பிரேக் என்று நினைத்து முன் பிரேக்கை இறுக்கினால் தலைகுப்புற விழ வேண்டியதுதான். எந்தக் கைக்கு எது என்று கடையிலேயே கேட்டு, சமதளத்தில் பழகிய பிறகு மலை ஏறு என்றேன். வெளிநாட்டில் சைக்கிள் வாடகைக்கு எடுக்கும் எல்லோருக்கும் இதே சொல்.

7. அக்கா மகளுக்குச் சொன்னது

இவ்வளவும் எழுதி அனுப்பிய பிறகு அக்கா மகளை அழைத்தேன். "நல்ல பிரேக் போட்டாச்சு இல்ல மாமா? இனி பயமில்லைதானே?" என்றாள்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவள் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். வரலாறு அப்படிச் சொல்ல விடவில்லை. ஜாகுவார் டிஸ்க் பிரேக்கால் என்ன செய்தது? இன்னும் வேகமாகப் போனது. ஹப்பிலிருந்து ரிம்முக்கு வந்தார்கள், வேகம் கூடியது. ரிம்மிலிருந்து டிஸ்க்குக்கு வந்தார்கள், பாதையையே இன்னும் செங்குத்தாக அமைத்தார்கள். ஒவ்வொரு முறையும் நல்ல பிரேக் கொடுத்த பாதுகாப்பில் ஒரு பங்கை மனிதன் வேகமாக மாற்றிச் செலவழித்துவிட்டான். அதை அவளிடம் மறைக்காமல் சொன்னேன். வேண்டாம் என்று அவனைத் தடுக்கவில்லை என்பதையும் சொன்னேன். 1973-ல் யாராவது என்னைத் தடுத்திருந்தால் நான் கேட்டிருப்பேனா? ஆனால் கிளம்பும் முன் பிரேக் கட்டையைக் குனிந்து பார் என்று யாராவது சொல்லியிருந்தால் பார்த்திருப்பேன். அப்படிச் சொல்ல யாருமில்லை. சைக்கிளைத் தேர்ந்தெடுத்தவன் நான்தான். அவனுக்குக் கிடைத்ததும் நான் கைகாட்டிய வண்டிதான். ஐம்பது வருடமாக இதை யாரிடமும் சொன்னதில்லை.

அவனிடம் மூன்று வாக்கு வாங்கியிருக்கிறேன். முதலாவது, முகம் முழுவதும் மூடும் ஹெல்மெட் போட்டு, பயிற்சியாளரிடம் கற்று, பச்சை அடையாளமிட்ட எளிய பாதையிலிருந்து தொடங்குவது. இரண்டாவது, புதுப் பேட் போட்டால் மலைக்கு முன் சமதளத்தில் இருபது முறையாவது வேகமெடுத்துப் பிடித்துப் பிடித்து, தட்டோடு பழக்குவது. மூன்றாவது, ஒவ்வொரு முறை மேலே போன பிறகும், கிளம்பும் முன் பேட்டைக் குனிந்து பார்ப்பது. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு படம் அனுப்பினான். மலையும் இல்லை, அவன் முகமும் இல்லை. காலிப்பருக்குள் தெரியும் பேட் மட்டும். கீழே "பாத்துட்டேன் தாத்தா" என்று ஒரு வரி. அவன் அம்மாவுக்கும் அனுப்பச் சொன்னேன்.

இதைப் படிக்கும் உங்களில் பெரும்பாலோர் சைக்கிளில் மலை இறங்கப் போவதில்லை. ஆனால் குடும்பத்தோடு ஏற்காட்டுக்கும் கொல்லிமலைக்கும் காரில் போகிறீர்கள். இறங்கும்போது காலைப் பிரேக்கிலேயே வைத்துத் தேய்க்காதீர்கள். எந்தக் கியரில் ஏறினீர்களோ அந்தக் கியரில் இறங்குங்கள். சூட்டில் ஒரு பங்கை எஞ்சின் சுமக்கட்டும். வண்டியின் பிரேக் ஆயிலை மாற்றி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதென்றால் இந்த வாரமே மாற்றுங்கள். கொல்லிமலையில் எழுபது வளைவுகள். அறுபத்தொன்பதில் பிடித்த பிரேக் எழுபதாவதிலும் பிடிக்க வேண்டும்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய சரித்திர வாத்தியார்